சுவருக்குச் சுவர் சாட்சி

"நான் வச்ச கல்லை நானே பிரிச்சதா சரித்திரமே கிடையாது. கட்டினதைப் பிரிக்கிறது எலியோட வேலை, கொத்தனார் வேலை இல்ல!"

சிமெண்டுக் கடை வாசலில், கையில் தேநீரோடு, கண்மட்டக்காரர் உலகுக்கு விடுத்த பிரகடனம் இது. பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. நூலில் குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் நேரா, கோணலா என்று பார்ப்பதெல்லாம் கண்ணில்லாதவர் பிழைப்பு என்பது அவர் கட்சி. அவர் ஒரு கண்ணை மூடுவார். ஏற்கெனவே நிற்கும் சுவரை மறுகண்ணால் அளப்பார். புதுச் சுவரை அதே வாக்கில் ஏற்றிவிடுவார். சுவருக்குச் சுவர் சாட்சி. அப்பீலே கிடையாது.

அவர் தங்கை வீட்டுப் பின்பக்கம் இப்படித்தான் ஓர் அறை எழும்பியது. கூரை போடுவது மட்டும் பாக்கி. தங்கையின் கணவர் எலக்ட்ரீஷியன். சுவிட்சுப் பெட்டிகளுக்குக் கோடு போட அன்று ஒரு லேசர் மட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். பச்சை ஒளிக்கோடு சரேலென நெட்டுக்குத்தாக ஏறியது. அடியில் மூலையோடு ஒட்டிக் கிளம்பிய கோடு, உச்சியில் மூலையைவிட்டு மூன்று விரல் விலகி நின்றது.

"மச்சான், சுவரு வெளிய எட்டிப் பாக்குதே?"

"உன் பெட்டிதான் தள்ளாடுது மாப்ள. பேட்டரிக்குள்ள என்னத்த ஊத்தின?"

மாப்பிள்ளை கருவியை, மச்சான் சாட்சியாக வைத்து அளந்த எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பினார். அதுவும் அதே திசையில், அதே மூன்று விரல்.

"ரெண்டும் சேந்தே சாயுது. ஒத்துமையில குறை சொல்ல முடியாது மச்சான்."

கண்மட்டக்காரர் வாயில் ஈ புகுந்து வெளியே வந்திருந்தாலும் தெரிந்திருக்காது. சாட்சி சொன்ன சுவரே குற்றவாளியா? பைக்குள் கைவிட்டு, காலமெல்லாம் தாம் ஏளனம் செய்த தூக்குக்குண்டையே சாட்சிக் கூண்டில் ஏற்றத் துணிந்தார்.

"இதுக்குப் பேட்டரி கிடையாது. இது சொல்லட்டும்."

சாரத்தில் ஏறி, வெளிப்பக்கம் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டை இறக்கினார். ஆட்டம் நின்றது. கீழே மாப்பிள்ளை குண்டுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். மூன்றும் தாராளமாகப் போயின.

"பெட்டியும் குண்டும் கூட்டுக் களவாணிங்க!" என்றார் கண்மட்டக்காரர். குரல் ஏறவில்லை.

இதுவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கை கிட்டே வந்தாள்.

"அண்ணே, பெட்டி சொன்னது கிடக்கட்டும், குண்டு சொன்னது கிடக்கட்டும். இந்தச் சுவரோரந்தான் புள்ளைங்களுக்குக் கட்டில் போடப்போறேன். கூரைய தாங்குமா? நீ தாங்கும்னு ஒரு வார்த்தை சொல்லு, போட்டுடறேன்."

கண்மட்டக்காரர் சாரத்தை விட்டு இறங்கினார்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். மேல்வரிசை முதல் கல்லை மெதுவாகத் தட்டினார். கலவை உதிர்ந்து கல் அசைந்தது. இரு கையாலும் அதைத் தூக்கிக் கீழே நீட்டினார்.

"பிடி, மாப்ள."