கஸ்தூரியம்மாளின் அறையும் துரை கட்டிய கோயிலும்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நான் எழுப்பிய வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு ஊர் தேறும். பட்டம் வாங்கிய இன்ஜினியர்களே சுவரைப் பார்த்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இந்த சம்சுதீன் ஒரு சுவரைத் தப்பாகச் சொன்னது வாழ்நாளில் ஒரே தடவை. அதுவும் கஸ்தூரியம்மாள் அறையில்தான் தெரிந்தது.

கஸ்தூரியம்மாள் பண்ணைப்புரத்துக்காரி. வாக்கப்பட்டது மேகமலையில் ஒரு எஸ்டேட்டுக்கு. புருஷன் தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவர், கிறிஸ்தவர். இவளும் அவர் சபையில் சேர்ந்துகொண்டாள்; சர்ச்சை அங்கே கோயில் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தாள். புருஷன் இறந்து, இவளும் ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அங்கே அதுதான் வழக்கம். மகள் மகிமா திருப்பூரில் ஒற்றை அறையில் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். அங்கே ஒரு பாய் விரிக்கக்கூட இடமில்லை. நல்ல வேளையாக எஸ்டேட் கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணி அடிக்க ஆள் தேவைப்பட்டது. கோயிலின் பின்சுவரை ஒட்டிய சின்ன அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த அறைதான் சம்பளம்.

அது பிரஸ்பிட்டேரியன் என்கிற கிறிஸ்தவ சபையின் கோயில். ஸ்காட்லாந்துக்காரத் துரை ஒருவர் கட்டியது. வாசல் கல்லில் 1927 என்று வெட்டியிருக்கிறது. நான் எத்தனையோ சர்ச் பார்த்திருக்கிறேன், பள்ளிவாசலே மூன்று கட்டியிருக்கிறேன். இது வேறு மாதிரி. கோபுரம் கிடையாது. முகப்பின் உச்சியில் சின்னதாக ஒரு வளைவு, அதில் மணி தொங்குகிறது. உள்ளே படம், சிலை, வண்ணக் கண்ணாடி எதுவும் இல்லை. மற்ற கோயில்களில் பீடம் இருக்கிற இடத்தில் இங்கே உயரமான பிரசங்க மேடை நிற்கிறது. அதன் காலடியில் சாதாரண மேஜை ஒன்று. அவர்களுக்குப் பிரசங்கம்தான் பெரிது. அதனால் மூன்று பக்கமும் பெஞ்சு போட்டு, எங்கே உட்கார்ந்தாலும் மேடை தெரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். சுவர் இரண்டடி கனம், கருங்கல், சுண்ணாம்புச் சாந்து. மழை நிற்காத இடம் என்பதால் கூரையை நல்ல சரிவாக ஏற்றி, அதன் பாரத்தில் சுவர்கள் விலகிப் போகாமல் குறுக்கே இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவனுக்கு வேலை தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடத்துக்கு முன் யாரோ அழகு பார்க்கிறேன் என்று அந்தச் சுவருக்கு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

சபைச் செயலாளர் விஜய்ராஜ் என்னைக் கூப்பிட்டபோது பிரசங்க மேடைக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை விரிசல் ஏறியிருந்தது. சுத்தியலால் தட்டினேன். கடகடவென்று பொள்ளலாக, உள்ளே காலியாக இருக்கிற மாதிரி சத்தம் கேட்டது. சுவர் செத்துப்போச்சு, பின்னால் இருக்கிற அறையையும் சேர்த்து இடிக்க வேண்டியதுதான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். விஜய்ராஜுக்குச் சந்தோஷம். ஜங்ஷனில் கான்கிரீட்டில் புதுக் கோயில் கட்ட வரைபடமே வைத்திருந்தார். அதில் கூட்டுகிறவளுக்கு அறை இல்லை. கஸ்தூரியம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அடுத்த வாரம் இடிப்பதற்கு அளவு எடுக்கப் போனேன். வெளியிலேயே டேப்பைப் பிடித்தேன்.

"உள்ள வந்து அளங்க பாய்," என்றாள். "போன தடவையும் வெளிய நின்னே சொல்லிட்டுப் போயிட்டீக."

தலையைக் குனிந்து உள்ளே போனேன். கோயிலின் பின்சுவர்தான் அவள் அறைக்கும் சுவர். அந்தப் பக்கமும் விரிசல் இருந்தது. ஆனால் அதன் மேல் கீழிருந்து உச்சி வரை பைபிள் வசனக் காலண்டர் தாள்கள் ஒட்டியிருந்தன. தினம் ஒன்று கிழிப்போமே, அந்தத் தாள். அடுப்புப் புகை ஏறிப் பழுப்பாகியிருந்தன. எதற்கு இப்படி என்று கேட்டேன்.

"வசனம் இருக்குற தாளக் குப்பையில போடலாமா? காலுல மிதிபடும். இந்தச் சந்துல எறும்பா வருது, சோத்துப் பானையில மண்ணு உதிருது. மைதாப் பசை காச்சி ஒட்டி விட்டேன்."

ஒட்டி எத்தனை நாளாச்சு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தாளிலேயே தேதி அச்சடித்திருந்தது. பழைய தாள் ஒன்றைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூலை மாதம். விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிய தாள், ஒரு நூல் அளவுகூடக் கிழியவில்லை.

சுவர் நகர்கிறதா என்று பார்க்க நாங்கள் விரிசலின் மேல் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவிட்டு வருவோம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். மூன்று மாதம் பார்ப்போம், அதிகம் போனால் ஆறு மாதம். இந்தப் பொம்பளை பதினான்கு வருடம் பார்த்திருக்கிறாள், தெரியாமலே.

உளியை எடுத்து, தாள் இல்லாத இடத்தில் பூச்சை ஒரு அடிக்கு உடைத்தேன். சிமெண்ட் அப்பளமாக உரிந்து வந்தது. உள்ளே கருங்கல் அப்படியே இருந்தது, சாந்துகூட உதிரவில்லை. பூச்சு கல்லை விட்டு விலகி நின்றிருக்கிறது. விரிசலும் அதில்தான், பொள்ளல் சத்தமும் அதில்தான்.

"நிக்குமா பாய்?" என்றாள்.

"நம்ம ரெண்டு பேரையும் வழியனுப்பிட்டு நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. என்னையும் உட்கார வைத்தார்கள். பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்பில் சந்து அடைத்தால் போதும், இடிக்கத் தேவையில்லை என்று சொன்னேன். விஜய்ராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சுவர் செத்துப்போச்சுன்னு நீங்கதானே பாய் சொன்னீக?"

"நான்தான் சொன்னேன். தப்புன்னும் நான்தான் சொல்றேன். வேற யாருக்கு இங்கன அந்தத் தகுதி இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் போய், அந்தச் சின்ன அறைக்குள் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்கள். ஐந்து பேர் இடிக்க வேண்டாம் என்று கை தூக்கினார்கள், மூன்று பேர் தூக்கவில்லை. விஜய்ராஜ் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். கூட்டுகிற வேலையும் அறையும் கஸ்தூரியம்மாளுக்கே என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை சாரம் கட்டினோம். கஸ்தூரியம்மாள் சட்டி பானையை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எம் பக்கத்தை மொதல்ல உடைச்சு முடிச்சிருங்க பாய். கிறிஸ்துமஸுக்கு மக பிள்ளைகளோட வாரேன்னுருக்கா. சின்னவனுக்குத் தூசி ஆகாது."