கண்ணடி பட்ட கல்

துரத்திவிட்டார்கள் என்று யார் சொன்னது? எதிர்வீட்டுக்காரிதானே? அவள் வாய்க்குக் கதவும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. என் மகளை ஆய்வுக்கூடத்திலிருந்து யாரும் துரத்தவில்லை. கோடி ரூபாய் இயந்திரத்தை அவள் உடைக்கவும் இல்லை. அவளாகத்தான் வேலையை விட்டாள். ஏன் என்று கேட்டுவிட்டுப் பேசட்டும்.

இருட்டறையில் பேராசிரியரோடு என்ன வேலை என்பது அடுத்த பேச்சு. அந்த அறை இருட்டாகத்தான் இருக்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கும் அறை அது. பக்கத்தில் ஆள் நடந்தாலே படம் ஆடிவிடுமாம். அதனால் கட்டடத்தின் அடித்தளத்தில், ஆளரவமற்ற மூலையில் வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். இவள் ஒற்றையாகத் திரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். வீடு திரும்பும்போது கண்ணிரண்டும் கோவைப்பழம். தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிழுவாள்.

அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "கல்லும்மா. பார்த்தா மாவு மாதிரி இருக்கும். உள்ளே பூரா ஓட்டை" என்றாள். படிகம் என்று பெயராம். ஒரே அளவில் அறைகள், அறைக்கு அறை ஒரு சின்ன வாசல். கண்ணுக்கே தெரியாத துகளுக்குள் ஓர் ஊரே இருக்கிறது. காற்றிலுள்ள நச்சை அந்த அறைகளில் பிடித்து அடைக்கலாமாம். வாசலின் அளவு தெரிந்தால்தான் எது நுழையும், எது நுழையாது என்று சொல்ல முடியும். அதைப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் இவள் வேலை.

அதில் ஒரு சங்கடம். அந்தக் கல்லைப் பார்த்தாலே கெட்டுவிடும். இயந்திரத்தின் எலக்ட்ரான் கற்றை கொஞ்சநேரம் பட்டால் போதும், உள்ளே சுவர்கள் சரிந்துவிடும். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. இங்கே கல்லுக்கே கண்ணடியா?" என்றேன். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அதனால் எடுக்கவேண்டிய இடத்தை முதலில் பார்க்கவே மாட்டார்களாம். பக்கத்து இடத்தில் ஃபோகஸைச் சரிசெய்துகொண்டு, பிறகு நகர்த்தி, மங்கலான கற்றையில் ஒரே ஒரு படம்.

போன வருஷம் புதுப் படிகம் ஒன்று வந்தது. இவள் எடுத்த படத்தில் அறைக்கும் அறைக்கும் நடுவே சுவரில்லாமல் அகலமான வழிகள் தெரிந்தன. அதுவரை யாரும் பார்க்காதது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி நடைவழிச் சுவரில் மாட்டினார். தற்காலிகம், தற்காலிகம் என்று இழுத்துக்கொண்டே போன இவள் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதினார்.

இவள் முகத்தில் மட்டும் தெளிவில்லை. அந்தப் படம் எடுத்த அன்று காய்ச்சல் விட்டும் விடாத உடம்போடு போயிருந்தாள். அசதியில், ஃபோகஸையும் அதே இடத்திலேயே சரிசெய்திருக்கிறாள், அதுவும் வெகுநேரம். சந்தேகம் அரிக்க, புதுத் துகளை வைத்து முறைப்படி எடுத்துப் பார்த்தாள். சுவரெல்லாம் சுவராகவே நின்றன. வழியைத் திறந்தது இவள் பார்வைதான்.

பேராசிரியர் கெட்டவரில்லை. இன்னும் சோதித்துப் பார்க்கலாம், முதலில் உன் வேலை நிரந்தர உத்தரவு வரட்டும் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் அந்தப் படத்தை வெளியூர் ஆட்களுக்குக் காட்டக் கூட்டம் ஏற்பாடாகிவிட்டது. அதை நம்பி வடிகட்டி செய்யப்போகிறவர்கள் அவர்கள்.

கூட்டத்தன்று காலையில் நானும் அதையேதான் சொன்னேன். "உத்தரவு கையில வரட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லு. உண்மை எங்கேயும் ஓடிடாது." அது புத்தியுள்ள பேச்சு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அந்தப் படம் சுவத்துல தொங்குறவரைக்கும் எனக்குத் தூக்கம் வராதும்மா. இன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி நானே சொல்லிடறேன். அவங்க போகச் சொல்றதுக்குள்ள வேலையையும் நானே விட்டுடறேன். முடியலம்மா."

"சரிடி. வெறும் வயித்தோட போகாதே" என்றேன்.

நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. நன்றாகப் பார்க்கட்டும் என்று, அவள் தெருமுனை திரும்பும்வரை கதவை அகலத் திறந்தே வைத்திருந்தேன்.