காறாத எண்ணெய்

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து எனக்கு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. காட்டுச் செடிகளிலும் மருந்துச் செடிகளிலும் இருக்கும் பீனால் சேர்மங்கள் எண்ணெயை எத்தனை நாள் காறவிடாமல் காக்கின்றன என்று பார்க்கும் வேலை. அப்போதுதான் எங்கள் ஊர் மாரிகுப்பத்திலிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்கு மூச்சுத் திணறல்.

தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர் அவர். கல்தூசி நுரையீரலில் படிந்து, பத்தடி நடந்தாலே சுவரைப் பிடித்துக்கொள்வார். அம்மா இல்லை. நான் ஒரே பிள்ளை. ஒரு மாத விடுப்பில் வந்தவள் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டின் ஒற்றை அறையில் மாட்டிக்கொண்டேன். கடைக்குப் புறப்பட்டால், அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பாதி வழியில் திரும்பி ஓடிவருவேன்.

வேலையை விட மனமில்லை. வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று பேராசிரியருக்கு எழுதினேன். கடலை எண்ணெயைச் சின்னச் சீசாக்களில் ஊற்றினேன். ஒன்றில் ஆவாரம்பூ, ஒன்றில் கடுக்காய், ஒன்றில் நெல்லிமுள்ளி. ஒன்றில் வெறும் எண்ணெய். ஜன்னல் வெயிலில் வைத்துத் தினமும் மோந்து பார்ப்பேன். இரண்டே நாளில் அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார்.

"வெறும் எண்ணெ காறிப்போச்சுமா. கடுக்கா நல்லாத்தான் கீது."

அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவேன்.

"பாத்தீங்களாப்பா, இங்கயே செய்யலாம். நான் போக வேணாம்" என்றேன் ஒருநாள்.

மறுநாள் காலை எல்லாச் சீசாவையும் முகர்ந்துவிட்டு, "எல்லாமே காறிப்போச்சு" என்றார். நானே எடுத்து முகர்ந்தேன். வெறும் எண்ணெயைத் தவிர எதிலும் சிக்கு வாடை இல்லை.

"ஏம்பா பொய் சொல்றீங்க?"

வெகுநேரம் இருமினார். "கெட்டுப்போச்சுன்னா நீ பெங்களூருக்குப் போயிடுவேன்னு பாத்தேன்."

"நான் போனா உங்களை யார் பாத்துக்குவாங்க?"

"அத நீயே கேட்டா நான் இன்னா சொல்றது?"

அந்த வாரமே பேராசிரியரின் கடிதமும் வந்தது. மூக்கால் அளந்த கணக்கை ஏற்க முடியாது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு.

போகவில்லை. அதற்குப் பிறகு அப்பா மூன்று வருடம் இருந்தார். அவர் இருமும்போதெல்லாம் எனக்குள் இரக்கத்தைவிடக் கோபமே முதலில் எழுந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் போன பிறகு உள்ளூர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையானேன். பெங்களூர் ரயில் தினமும் இருந்தது. ஏறத்தான் தோன்றவில்லை.