மாடசாமி அண்ணாச்சியின் நாலு திரை

மாடசாமி அண்ணாச்சி வீட்டில் இத்தனை வருஷத்தில் ஒரு படத்தைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. இது என் பழைய மனக்குறை. படம் முடியப்போகிற நேரத்தில்தான் அவருக்கு நியூஸ் ஞாபகம் வரும். "இனி என்னலே இருக்கு? வில்லனப் போலீஸ் புடிக்கும், இவன் அவளக் கெட்டுவான், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு சானலை மாற்றிவிடுவார். ரிமோட் அவர் தொடைக்கு அடியில் இருக்கும். அங்கே கைவிட எவனுக்கும் தைரியம் கிடையாது. நியூஸில் மெட்ராஸ் மழையைப் பற்றிச் சொல்வார்கள். புனே பக்கம் தேஹு ரோட்டில் கிடக்கிறவனுக்கு மெட்ராஸில் பெய்தால் என்ன, காய்ந்தால் என்ன?

அண்ணாச்சிக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இங்கே ராணுவ டிப்போவில் பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலையில் சேர்ந்து, ஆணி அடிக்கிறவர்களை அதட்டுகிற வேலையில் ரிடையர் ஆனவர். எங்கள் சந்தில் முதன்முதலாக மாடியில் டிஷ் வைத்துத் தமிழ் சானல் பிடித்தவரும் அவர்தான். மற்ற வீடுகளில் கேபிள்காரன் கொடுத்த ஹிந்தியும் மராத்தியும்தான் ஓடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தே அவர் வீட்டில் இருக்கும். யார் சோபாவில், யார் பாயில் என்று அவர்தான் கை காட்டுவார். டிப்போ சர்வீஸைப் பார்த்து இடம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற எனக்கு வாசல்படி.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. கூட்டம் கரைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். அதுவும் சவாரி இல்லாததால். அண்ணாச்சி காலியான சோபாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஒரு பயலயும் காங்கலயேலே."

"போன்ல பாக்காவ அண்ணாச்சி."

"போன்ல என்னலே தெரியும்? ஆனை அதுல கொசு மாதிரில்லா இருக்கும்?"

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் தமிழரசி மதினி, "உங்க அண்ணாச்சிக்கு டிவி பாக்க ஆசை கிடையாது தம்பி. டிவி காட்டத்தான் ஆசை" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மனுஷன் முகம் அப்படி இருந்தது.

அடுத்த மாசமே பாதிச் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு புது டிவி வந்தது. நெட்டும் வந்தது. புதுப்படம் எல்லாம் இனி வீட்டிலேயே வரும், போன கூட்டம் திரும்பி வந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு. மாட்டிக் கொடுக்க வந்தவர் சுனில் என்ற மராத்திக்காரர். "காகா, ஈமெயில் போலா" என்று மெயில் விலாசம் கேட்டார்.

"அது எதுக்கு எனக்கு? நான் என்ன ஆபீசரா?" என்று அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். நான் ஏழாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் என் போனில் ஒரு மெயில் இருந்தது, எப்போதோ ஆட்டோ ஆப்புக்காகப் போட்டது. அதில்தான் அண்ணாச்சி பேரில் கணக்குத் திறந்தோம்.

பாஸ்வேர்டை ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்க வேண்டும். டிப்போ டோக்கன் நம்பரையும் மதினி பெயரையும் சேர்த்து வைக்கச் சொன்னார். நான் அமுக்க, அவர் நடுவீட்டில் நின்று பரேடுக்குச் சொல்வது போல எழுத்தெழுத்தாகக் கத்தினார்.

"மெதுவா அண்ணாச்சி. சந்துக்கே கேக்குது."

"கேக்கட்டும்லே! நாலு இடத்துல ஒரே நேரத்துல பாக்கலாம்னு சொல்லுதாரு. இருக்கதுலயே பெரிய பிளான். நம்ம வீடு போவ மூணு. ஆசப்பட்டவன் பாக்கட்டும். பாத்துட்டு, நல்லா இருக்கு அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை சொல்லவாவது வீட்டுக்கு வருவான்லா?"

மூணோடு நிறுத்தினாரா? டீக்கடையில் கொடுத்தார், ரேஷன் வரிசையில் கொடுத்தார், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் லோக்கலுக்கு நின்றவனுக்கும் கொடுத்தார். கோயில் சுண்டலைக்கூட யாரும் இவ்வளவு தாராளமாக அள்ளிக் கொடுத்ததில்லை. வாங்கிப் போனவன் ஒருத்தனும் வீட்டுப்பக்கம் தலைகாட்டவில்லை.

அப்புறம் ஒரு பெரிய நடிகரின் படம் தியேட்டருக்குப் போகாமல் நேராக நெட்டில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அண்ணாச்சி கல்யாணத்துக்கு அழைப்பது போல வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பாய் விரித்தாயிற்று. மதினி ஒரு தாம்பாளம் நிறைய வடை சுட்டு வைத்தார். சாயங்காலம் வந்தது. நான் வந்தேன். வேறு யாரும் வரவில்லை.

"போட்டுவிடுவோம். சத்தத்தக் கேட்டா வந்துருவாவ" என்று ரிமோட்டை அமுக்கினார். படம் வரவில்லை. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ரெண்டு வரி வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"ஏற்கெனவே நாலு இடத்துல ஓடுதாம் அண்ணாச்சி. யாராவது ஒருத்தர் நிறுத்துனாத்தான் நமக்காம்."

"நமக்கே இடமில்லையா?"

"இல்லையாம்."

"என் பேர்ல உள்ளதுலா!" என்று எழுந்து சட்டையை மாட்டினார். "வாலே. ஒருத்தன அணைக்கச் சொல்லிட்டு வருவோம்."

சந்தில் இறங்கினால் எல்லாப் பக்கமும் அதே படம்தான் கேட்டது. இஸ்மாயில் வீட்டில் ஹீரோ இன்னும் பாடிக்கொண்டிருந்தான். ரமா வீட்டில் அதே ஹீரோ அதற்குள் உதை வாங்கிக்கொண்டிருந்தான்.

இஸ்மாயில் டிப்போவில் இவருக்குக் கீழே இருந்தவர். "வாங்கண்ணே, வாங்க! உங்க புண்ணியத்துல குடும்பமே உக்காந்து பாக்குது" என்று எழுந்து நின்றார். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"படம் தெளிவாத் தெரியுதா?"

"பளிச்சுன்னு இருக்குண்ணே."

"சத்தம்?"

"அதுவும்தான்."

"சரி, பாருங்க."

வெளியே வந்ததும் கேட்டேன். "அணைக்கச் சொல்லத்தான வந்தோம்?"

"பிள்ளையளும் பாக்குதுல்லா. அடுத்த வீட்டுல சொல்லுவோம்."

ரமா கதவையே திறக்கவில்லை. "முக்கியமான சீன் அண்ணா, நாளைக்கு வாங்களேன்" என்று ஜன்னலோடு சரி. டிப்போவே நடுங்கிய மனுஷன், "சரிம்மா" என்று திரும்பினார்.

எதிரே புதிதாகக் கட்டிய பில்டிங்கில் இரண்டாம் மாடியிலிருந்தும் அதே பாட்டுக் கேட்டது. ஏறினோம். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கும் ரவிசந்திரன் வீடு அது. பெயரைக் கதவுப் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அவர் கதவைத் திறந்து, "நெட் கம்பெனியா அங்கிள்?" என்றார்.

"இல்ல தம்பி. இந்தப் படம் யாரு கணக்குல ஓடுது?"

"அதுவா? யாரோ மாடசாமியாம். டீக்கடைல பாஸ்வேர்டு சொன்னாங்க. செம ஆளு அங்கிள், ஊருக்கே குடுத்து வெச்சிருக்காரு. யார்னுதான் தெரியல. உங்களுக்கும் வேணுமா? எழுதித் தரேன்."

நான் மனுஷன் இப்போது வெடிப்பார் என்று ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

"வேண்டாம் தம்பி. எங்கிட்ட இருக்கு" என்றார். கதவு சாத்தப்போகிற நேரத்தில், "படம் தெளிவாத் தெரியுதா?" என்று அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

படியில் இறங்கும்போது, "பேரு தெரிஞ்சிருக்குலே" என்றார்.

நாலாவது ஆளைத் தேடி அலைய வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. வீட்டுக்குள் வந்தால் மதினி அடுப்படியில் எண்ணெய் டப்பாவில் போனைச் சாய்த்து, காதில் வயரைச் சொருகி, அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீயுமா? அங்க அம்மாம் பெரிய டிவி கெடக்குல்லா?"

மதினி ஒரு காதை மட்டும் விடுவித்தார். "அங்க உக்காந்தா, தண்ணி கொண்டா, வடை கொண்டான்னு பத்து தரம் எந்திரிக்க வைப்பிய. இங்க ஒருத்தரும் என்னக் கூப்பிடமாட்டாவ." பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "நிறுத்தணுமா?" என்று கேட்டார்.

நிறுத்தியிருந்தால் எங்களுக்குப் படம் வந்திருக்கும். அண்ணாச்சி, "வேண்டாம், பாரு" என்றார்.

கறுப்புத் திரைக்கு எதிரில் நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். விரித்த பாய் விரித்தபடி கிடந்தது. அவர் ஒரு வடையைப் பிய்த்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே ஸ்டீபா. அந்த பாஸ்வேர்ட மாத்திரு. இப்பமே மாத்து. பாக்கணும்னா எல்லாவனும் இங்க வரட்டும்."

"என்னன்னு வைக்க?"

"என்னத்தயும் வையி. எங்கிட்ட மட்டும் சொல்லிராத. எவனாவது கேட்டா நான் குடுத்துருவேன்."