லாடிஸ் பவெல்காவின் ஒரே அட்டை

லாடிஸ் பவெல்கா பேஸ்பாலின் பெரிய லீக்கில் இருந்தது ஒரு செப்டம்பர் மாதமும் அதற்கடுத்த ஆண்டில் பாதிக் கோடையும்தான். பின்னாளில் அவர் நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு உடற்பயிற்சி ஆசிரியராக வந்தார். பதினேழு ஆண்டுகள் ஒரே மேசையில் மதிய உணவு உண்டோம். ஆகையால் இங்கே நான் எழுதுவதில் பாதி அவர் சொன்னது. மீதி, அவர் மனைவி வெர்னா திருத்தியது.

லாடிஸ் ஒரு கேட்சர். மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பது அவர் வேலை. பத்தொன்பது வயதில், சின்ன லீக் அணியொன்றின் உடைமாற்றும் அறையில், அட்டைக் கம்பெனியின் ஆள் கஸ் பிரென்னன் ஒரு கட்டுத் தாளுடனும் ஒரு கட்டு ஐந்து டாலர் நோட்டுடனும் வந்து நின்றார். சூயிங் கம் பொட்டலத்துக்குள் வைக்கும் அட்டையில் உன் படத்தைப் போட எங்களுக்கு உரிமை கொடு. இன்றைக்கு ஐந்து டாலர், பெரிய லீக்கை எட்டினால் ஆண்டுக்கு நூற்றிருபத்தைந்து டாலர் அல்லது பரிசுப் புத்தகத்திலிருந்து ஒரு பொருள் என்பது ஏற்பாடு. பையன்கள் எல்லாரும் கையெழுத்திட்டார்கள். அன்று மாலையே அந்த ஐந்து டாலரை மாட்டிறைச்சி வறுவலாக உண்டு தீர்த்தார்கள். அந்தத் தாளை வக்கீல் எவரிடமாவது காட்டினீர்களா என்று நான் ஒருமுறை கேட்டேன். இறைச்சிக் கடைக்காரரிடம் காட்டியதாகச் சொன்னார்.

அதன்பின் பத்தாண்டுகள் சின்ன லீக் ஊர்களுக்கிடையே பேருந்துப் பயணத்தில் கழிந்தன. வெர்னா பரிசுப் புத்தகத்தில் ஃப்ரீசர் எனும் உறைபெட்டிப் பக்கத்தின் முனையை மடித்துவைத்திருந்தார். ஆனால் அவர் உண்மையில் விரும்பியது உறைபெட்டியை அல்ல, அட்டையை. கணவரோடு ஆடியவர்களில் யார் யாருக்கு அட்டை வந்திருக்கிறது என்பதை அறிய அவர் பிரித்த பொட்டலங்களுக்குக் கணக்கில்லை. உள்ளிருந்த கம்மை மென்றே தாடை வலி வந்தது.

1967 செப்டம்பரில் லாடிஸைப் பெரிய அணிக்கு அழைத்தார்கள். அட்டைப் படங்களோ வசந்தப் பயிற்சி முகாமில் எடுக்கப்படுபவை; அவ்வாண்டின் அட்டைகள் அதற்குள் அச்சாகிக் கடைக்குப் போய்விட்டன. எனவே எல்லாம் மறுவசந்தத்தைப் பொறுத்திருந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அவருடைய இடத்துக்கு இரண்டு இளைஞர்கள் காத்திருந்தார்கள். அந்த முகாமில் படம் எடுக்காவிட்டால் அவருக்கு அட்டை என்றைக்கும் இல்லை. இது வெர்னாவுக்கும் தெரியும்.

அந்த வசந்தத்தில்தான் ஆட்டக்காரர் சங்கம் முடிவொன்றை எடுத்தது. கம்பெனி எல்லாரோடும் சேர்த்துப் பேசும்வரை எவரும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது. படத்துக்கும் நிற்கக் கூடாது. விற்பனையில் பங்கு வேண்டும், அது நட்சத்திரத்துக்கும் பெஞ்சில் இருப்பவனுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அணியின் முதல் வீச்சாளர் எல்வின் டேட்ஸ் சங்கத்தின் சார்பில் உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவர் அலமாரியாகப் போய் இதைச் சொன்னார்.

மற்றவர்களுக்குச் சிக்கல் இல்லை. அவர்களுடைய பழைய ஒப்பந்தங்கள் முடிந்திருந்தன. லாடிஸின் தாளோ அப்போதுதான் உயிர்பெற்றிருந்தது. அழைக்கும்போது படத்துக்கு நிற்பேன் என்று அதில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். கொடுத்த வாக்கை மீறுவது பவெல்கா குடும்பத்தில் வழக்கமில்லை. கஸ் பிரென்னன் இதை அறிந்து நேராக அவரிடமே வந்து, மறுநாள் பத்து மணி என்று நேரமும் குறித்துவிட்டார்.

மறுநாள் காலை, விடுதி அறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த வெர்னாவிடம் லாடிஸ் செய்தியைச் சொன்னார். வாக்கைக் காப்பாற்றினால் தோழர்களுக்குத் துரோகம். தோழர்களோடு நின்றால் வாக்குத் தவறு.

வெர்னா தட்டைச் சற்று அழுத்தியே வைத்தார். "எல்வினுக்கு ஏற்கெனவே ஏழு அட்டை இருக்கு, லாடி. வேணாம்னு சொல்றது அவருக்குச் சுலபம்."

"அந்தப் பங்கு எல்வினுக்காகக் கேக்கல. என்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் கேக்கறாங்க."

"அப்ப என்னை ஏன் கேக்கற? சாப்பிடு, ஆறிடும்."

பத்து மணிக்கு மைதானத்தின் ஓரத்தில் புகைப்படக் கருவி நின்றது. பயிற்சியை விட்டுவிட்டு அணியே வேலியோரம் கூடியது. எல்வின் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். லாடிஸ் மார்புக்கவசம், காற்கவசங்கள், கம்பி முகமூடி என்று முழு அலங்காரத்தோடு வந்தார்.

அட்டைப் படத்துக்குத் தலையில் தொப்பி இருக்கக் கூடாது என்பது கம்பெனியின் வழக்கம். ஆட்டக்காரரை வேறு அணிக்கு மாற்றிவிட்டால் பழைய தொப்பி காட்டிக்கொடுத்துவிடும். கஸ் அதை நினைவூட்டினார். லாடிஸ் பணிவாக முகமூடியை எடுத்தார், தொப்பியைக் கழற்றினார், முகமூடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அதையும் கழட்டு தம்பி," என்றார் கஸ்.

"படத்துக்கு நிக்கறேன்னுதான் கையெழுத்துப் போட்டேன். நிக்கறேன். மூஞ்சியைக் காட்டறேன்னு அதுல ஒரு வரி இருந்தா சொல்லுங்க, கழட்டிடறேன்."

கஸ் தாளை முன்னும் பின்னும் படித்தார். பத்தாண்டுகளாகத் தாம் நீட்டிவந்த தாளை அவர் முழுவதும் படித்தது அதுவே முதல்முறையாக இருக்கலாம். முகம் என்னும் சொல் எங்குமில்லை. புகைப்படக்காரர் மூன்று படம் எடுத்துவிட்டுக் கருவியை மடக்கினார்.

வேலியோரம் சிரிப்பு அடங்கியதும் எல்வின் அருகில் வந்தார். "பவெல்கா, இதுவரைக்கும் உன்னை எடுத்த படத்துலயே இதுதான்டா லட்சணம்." பிறகு கையை நீட்டினார்.

ஜூலையில் லாடிஸை அணியிலிருந்து விடுவித்தார்கள். இலையுதிர்காலத்தில் கம்பெனி இறங்கிவந்தது: ஆண்டுத் தொகை இரட்டிப்பாயிற்று, விற்பனையிலும் பங்கு கிடைத்தது. ஆனால் ஓராண்டாக எவரும் படத்துக்கு நிற்காததால் அடுத்த கோடைக்குக் கம்பெனியிடம் புதிய படங்கள் போதவில்லை. கையில் இருந்ததையெல்லாம் அச்சிட்டார்கள். கடைசித் தொகுப்பில், விளையாட்டையே விட்டுவிட்ட லாடிஸ் பவெல்காவும் கம்பிகளுக்குப் பின்னால் நின்றார். அட்டை வெளிவந்ததால் அவ்வாண்டுப் பங்கில் அவருக்கும் ஒரு கூறு வந்தது. எல்வின் டேட்ஸுக்குப் போனதும் அதே தொகைதான்.

அதற்குள் அவர்கள் குடிவந்திருந்த எங்கள் ஊரில், மிட்டாயும் விற்கும் மருந்துக்கடையில், ஆறாவது பொட்டலத்தில் அந்த அட்டை கிடைத்தது. வெர்னா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பத்து வருஷம் காத்திருந்தேன். உள்ள இருக்கறது நீதான்னு என்னாலயே சத்தியம் பண்ண முடியாது."

"பின்னாடி திருப்பு. பேரு தெளிவா இருக்கு பார்."

பின்புறத்தில் பெயருக்குக் கீழே அவருடைய ஆட்டக் கணக்கும் இருந்தது. பத்து முறை மட்டை பிடித்தால் இரண்டு முறைகூடப் பந்தை உருப்படியாக அடிக்காத கணக்கு. வெர்னா அதையும் நிதானமாகப் படித்தார்.

"இதைப் பாத்தா, மூஞ்சி தெரியாததே நல்லதுன்னு தோணுது," என்றார். பிறகு கடைக்காரரிடம், பெட்டியில் மீதியிருந்த பொட்டலங்கள் அத்தனையையும் கட்டித் தரச் சொன்னார்.