ஒன்பது திரிகளும் ஒரு மன்னிப்பும்

என் கொழுந்தனின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே வேலை. வீடு திரும்பி, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவாள். கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன் உட்காருவாள். பார்த்தவர்கள் சீரியல் பைத்தியம் என்றார்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கடவுள் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. தகடு அடிக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர், காதை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். டிவியில் வாய்கள் அசைவதைப் பார்த்து, "என்ன சொல்றா? ஏன் அழறா?" என்று என்னைக் கேட்பார். நான் கத்திச் சொன்னால் தெருவுக்கெல்லாம் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது.

இதை ஒரு வாரம் பார்த்தாள் ஓரகத்தி. எட்டாம் நாள், தான் சேர்ந்திருந்த இணைய மன்றத்தில் ஒரு திரி தொடங்கினாள். திரி என்றால் ஒரே விஷயத்தைப் பற்றிப் பலபேர் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு போகிற பக்கம். சீரியல் ஓட ஓட, யார் என்ன பேசினார்கள் என்று அதில் தட்டினாள். இவர் ஒரு கண்ணால் டிவியையும் ஒரு கண்ணால் கைபேசியையும் பார்த்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். ஆனால் சிரித்தார்.

இரவு வேலைக்குப் போகிறவர்கள், காது மந்தமானவர்கள், சும்மா சண்டை பிடிக்க வருகிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. மன்றத்தில் சீரியல் பகுதியின் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள். ஒரு சீரியலுக்கு ஒரு திரி. தேதி, பாக எண், கதை. அதற்குக் கீழேதான் அரட்டை. இன்னும் ஒளிபரப்பாகாததை யாரும் உளறக் கூடாது. இரண்டு பேர் கட்டிப் புரண்டால் திரியை ஒரு மணி நேரம் பூட்டிவிடுவாள். அதனால் அவளுக்கு அங்கே பூட்டக்கா என்று பெயர். ஆறு வருடத்தில் ஒன்பது சீரியல், ஒன்பது திரி. எதைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பாள்.

என் வீட்டுக்காரரும் 'பட்டறை' என்ற பெயரில் எழுதினார். கல்யாண வீட்டில்கூட மூலையில் உட்காருகிற மனிதர், அங்கே நாற்பது பேரோடு வாயாடினார். அங்கே எல்லோரும் எழுத்தில்தானே பேசுகிறார்கள். அவர் செவிடர் என்பது யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஓரகத்தியின் அம்மா படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இவள் இரண்டு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மன்றத்தை நடத்துகிறவர் இரண்டு நிறுத்தம் தள்ளி அச்சகம் வைத்திருப்பவர். அவருடைய மச்சானிடம் பொறுப்பைக் கொடுத்து, "ஒண்ணும் செய்ய வேணாம்ணா, சண்டை வந்தா மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவனால் சும்மா இருக்க முடியவில்லை. ஒன்பது திரி எதற்கு, ஒன்றாக இருந்தால் பெரிதாகத் தெரியுமே என்று, ஒன்பதையும் இணைத்துவிட்டான். இணைத்தால் கணினி கதையைப் பார்க்குமா? எழுதிய நேரத்தை மட்டும் பார்த்து வரிசையாக அடுக்கிவிட்டது. ஒரு சீரியலில் குழந்தை பிறக்கிறது. அடுத்த வரியில் வேறொரு சீரியலின் நீதிபதி, 'பத்து வருடம் கடுங்காவல்' என்கிறார். அதற்குக் கீழே, 'வாழ்த்துகள், அப்படியே அப்பா ஜாடை!'

அன்று மாலை என் வீட்டுக்காரர் கைபேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "யாருடி செத்தது? வக்கீல் மருமகளா?" என்று, ஏழு மணி சீரியலின் நாயகியைச் சொல்லிக் கத்தினார். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அடுத்த நாலு நாள் டிவியைத் தொடவில்லை.

ஊரிலிருந்தே ஓரகத்தி மன்றத்தில் அந்த மச்சானை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மூளையைக் கழற்றி வைத்துவிட்டா உட்கார்ந்தீர்கள்?" உடனே அவளை எழுத முடியாதபடி வெளியே தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்தவள் கதையை இவருக்குத் தனியாக அனுப்பிப் பார்த்தாள். "அதுல யாருமே இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அச்சகத்துக்குப் போனோம். மச்சான் சுழல் நாற்காலியில் அரை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வாங்க பூட்டக்கா. சாவி தொலைஞ்சு போச்சா?" என்றான்.

"கையால பிரிக்கணும்னா அறுபதாயிரம் பதிவு சார்" என்றாள் அவள், அச்சகக்காரரைப் பார்த்து. "உங்ககிட்ட பழைய நகல் இருக்கும்ல?"

"இருக்கு. அரை மணி நேர வேலை."

அரை மணி நேரம்! நாலு நாளாக ஒரு மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏன் சார் போடல?" என்று நான் கேட்டேன்.

"என் மச்சானுக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா. நாலு பேர் முன்னாடி மூளை இல்லேன்னுட்டாங்க. நகலைப் போடறேன், அவங்களையும் மறுபடி உள்ள விடறேன். போட்டதும் இங்கயே உக்காந்து மன்னிப்பு எழுதட்டும். ஒரு வாரம் முதல் பக்கத்துல நிக்கும்."

"தப்பு பண்ணது யாரு சார்?"

"அக்கா டென்ஷன் ஆகாதீங்க" என்றான் மச்சான். "சீரியல்தானே, என்னமோ சொத்து போன மாதிரி."

அவன் சட்டையைப் பிடித்து அந்த நாற்காலியோடு தெருவில் உருட்டிவிட வேண்டும் போல இருந்தது. இப்படி ஒரு நினைப்பு எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அவள் என் கையை அழுத்தினாள்.

நகலைப் போட்டார்கள். ஒன்பது திரியும் தனித்தனியாக வந்து நின்றன. நான் அவள் காதில், "வந்துடுச்சுல்ல, எழுந்திரு போலாம்" என்றேன்.

"நாம வாசல் தாண்டறதுக்குள்ள மறுபடி ஒண்ணாக்கிடுவான்கா."

எழுதினாள். 'மதிப்புக்குரிய நண்பரைக் கடுஞ்சொல் சொன்னதற்கு வருந்துகிறேன்.' அவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்து, "'மிகவும்' சேத்துக்கங்க" என்றான். சேர்த்தாள்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் அதைப் படித்தார். நடந்ததை நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக்குக் கீழே, 'வருந்த வேண்டியவர் வேறு ஆள். இப்படிக்கு, பட்டறை' என்று போட்டார். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். மறுபடி போட்டார். அழித்தார்கள். மூன்றாவது முறை போடும்போது ஓரகத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"மாமா, போதும்! உங்களையும் வெளிய தள்ளிடுவாங்க!"

அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். அவள் கைபேசியைப் பிடுங்கி, அதிலேயே 'எனக்காக' என்று தட்டிக் காட்டினாள். அவர் டிவியைப் போட்டார்.

நான் சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. அவள் எட்டிப் பார்த்தாள்.

"கோபம் இன்னும் போகலியாக்கா?"

"போகல. நீ எழுதினது எனக்கு ஆறவே ஆறாது."

"ஆற வேணாம். எனக்கும் சேத்து நீங்களே வெச்சுக்கங்க. ஏழு மணி ஆயிடுச்சு, வக்கீல் மருமக கோர்ட்ல நிக்கறா, நான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.