பஸ்ஸை நிறுத்துகிற கிருஷ்ணப்பன்

எங்கள் ஸ்டாப்பில் பஸ் ஏற வேண்டுமென்றால் கிருஷ்ணப்பன் அண்ணன் வந்தாக வேண்டும். அவர் எங்கேயும் போகிறவர் அல்ல. பஸ்ஸை நிறுத்துவதோடு சரி.

ஓசூர் டவுனில் இருப்பவர்களுக்கு இது புரியாது. உத்தனப்பள்ளிக்கு இந்தப் பக்கம் மெயின் ரோட்டில் நாங்கள் ஏழு பெண்கள் நிற்போம். எல்லோருக்கும் கம்பெனியில் காலை ஷிப்ட். நேரம் தவறினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனபிறகு, சில டிரைவர்களுக்கு நாங்கள் நிற்பதே தெரியாமல் போய்விட்டது. நாங்கள் கை காட்டினால் எதிர்ப்பக்கத் தக்காளித் தோட்டத்தை ரசித்துக்கொண்டே போவார்கள். ஓர் ஆம்பளை நின்றால் மட்டும் பிரேக் பிடிக்கும். அப்போது என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான்தான். வேலை வெட்டி இல்லாமல் ரோட்டோரம் பல் விளக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திவிட்டு, பூட்டிக் கிடந்த பெட்டிக்கடைக்குப் பின்னால் நாங்கள் ஒளிந்துகொண்டோம். அவர் கை காட்டினார், பஸ் நின்றது. செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி அவர் குனிய, நாங்கள் ஏழு பேரும் ஓடி வந்து ஏறிவிட்டோம். டிரைவர் தெலுங்கில் திட்டினார். இவர் கன்னடத்தில் வாழ்த்தி அனுப்பினார்.

அன்றிலிருந்து அதுவே அவருக்கு உத்தியோகம். அயர்ன் பண்ணின சட்டை, கக்கத்தில் ஒரு காலிப் பை. டிரைவர்கள் முகத்தை அடையாளம் கண்டுகொண்டால் அடுத்த நாள் மப்ளர், அதற்கடுத்த நாள் கூலிங் கிளாஸ். அவர் சம்சாரம் சாந்தம்மா, "எங்க ஊட்ல ஆடுகூட இந்த மனுசன் சொன்னா நிக்காது. பஸ்ஸு நிக்குதாம்" என்பாள். உண்மைதான். வீட்டில் பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஊர்க் கூட்டத்தில் அவர் எழுந்தால் மைக்கை வாங்கிவிடுவார்கள். இந்த உலகத்தில் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது அந்தக் காலை பஸ் ஒன்றுதான். அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், டிரைவரே இல்லாமல் தானாக ஓடுகிற மினி பஸ் ஒன்றை எங்கள் ரோட்டில் சோதனைக்கு விட்டார்கள். யாருக்கும் டிக்கெட் இல்லை. சரியாக எங்கள் ஷிப்ட் நேரத்துக்கு வந்தது. வழக்கம்போல நாங்கள் ஒளிந்தோம், அண்ணன் கை காட்டினார், அது நின்றது. அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஆள் இல்லாத வண்டிகூடத் தன் கைக்கு மரியாதை கொடுக்கிறது என்று டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொன்னார்.

பிறகு ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். நான் வெறுத்துப்போய், நடப்பது நடக்கட்டும் என்று ரோட்டோரம் வந்து நின்றேன். வண்டி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, என் முன்னால் வந்து நின்று, கதவைத் திறந்தது. ஆணா பெண்ணா என்றெல்லாம் அது பார்க்கவில்லை. ஸ்டாப்பில் ஆள் இருந்தால் போதும் அதற்கு. தாலி கட்டும்போதுகூட அழாதவள் நான், அன்றைக்கு அழுதுவிட்டேன். எனக்காக ஒரு வண்டி நின்றது அதுதான் முதல் தடவை.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் கிருஷ்ணப்பன் நினைவு வந்தது. இதை அவரிடம் யார் சொல்வது? ஒருத்திக்கும் மனசு வரவில்லை. அவர் தேறி வந்ததும், ஏழு பேரும் பழையபடி பெட்டிக்கடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். மழை பெய்த அன்றும் ஒளிந்தோம். கொசு பிடுங்கி எடுத்தது. வேண்டாத வேலை என்று தெரிந்தேதான் செய்தோம்.

கெடுத்தவள் கெசியா. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண், எங்கள் ஏற்பாடு எதுவும் அவளுக்குத் தெரியாது. நேராக வந்து, போனைப் பார்த்தபடி ஸ்டாப்பில் நின்றுவிட்டாள். நாங்கள் கடைக்குப் பின்னால் இருந்து கையை ஆட்டுகிறோம், அவள் நிமிர்ந்தால்தானே. கிருஷ்ணப்பன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். அவர் கையைத் தூக்குவதற்குள் வண்டி அவள் முன்னால் நின்று கதவைத் திறந்துவிட்டது.

நாங்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தோம். அவர் வண்டியைப் பார்த்தார், கெசியாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்பிடி?"

"உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாள்ல இருந்துண்ணா."

"அப்புறம் எதுக்கும்மா கொசுக்கடியில அங்க போயி ஒளிஞ்சீங்க?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க கை காட்டணும்னுதாண்ணா" என்றேன்.

அவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அழப்போகிறாரா, திட்டப்போகிறாரா என்று எனக்குப் பயமாக இருந்தது.

"சரி சரி, ஏறுங்க. படியில நிக்காம எல்லாரும் உள்ள போயி நில்லுங்க" என்றார்.

ஏறினோம். உள்ளே எல்லா சீட்டும் காலி. கெசியா உட்காரப் போனாள், நான் முறைத்த முறைப்பில் எழுந்துகொண்டாள். கம்பெனி கேட் வரைக்கும் நாங்கள் எட்டுப் பேரும் நின்றுகொண்டேதான் போனோம்.